பலகையில் துரை எழுதியது

அந்த வருஷம் சுரங்க வேலைக்காரர்களான எங்கள் லைன் வீடுகளுக்கு மேற்கே, சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் கேஜ் என்ற கூண்டை ஏற்றி இறக்கும் புது இன்ஜினுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பலகை அடைத்து, உள்ளே சிமிட்டிக் கலவையைக் கொட்டி நிரப்ப வேண்டும். ஈரக் கலவை பலகையை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளாமலிருக்க வெளிப்பக்கம் சாய்வாக மரங்களை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். அது என் நைனாவின் வேலை.

மேற்குப் பக்கத்தில் இரண்டு முட்டு குறைந்தது. மரமெல்லாம் சுரங்கத்துக்குள் போய்விட்டதாம்.

"இருக்கறத வெச்சி ஓட்டுய்யா. சாயங்காலம் துரை வரும்போது நெரம்பி இருக்கணும்" என்று மேஸ்திரி நைனாவிடம் சொல்லிவிட்டார். மேஸ்திரிக்குப் பதில் பேசினவர்களுக்கு மறுநாள் வேலை இருப்பதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. எங்கள் வம்சத்தில் சிலேட்டைத் தொட்ட முதல் ஆள் நான்தான். லைனில் யார் வீட்டுக்குத் தகர டப்பா வந்தாலும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க என்னைக் கூப்பிடுவார்கள். பாதிக்கு மேல் நானாகச் சேர்த்துச் சொல்வதுதான். யாரும் கண்டுபிடித்ததில்லை.

அன்று பள்ளிக்கூடம் லீவு. கஞ்சி கொண்டுபோன என்னை நைனா கையைப் பிடித்து மேற்குப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். காலையில் குதிரையில் வந்த துரை, யாரிடமும் பேசாமல் அதில் சுண்ணக்கட்டியால் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார்.

"இன்னும் முட்டு குடுக்கச் சொல்லிக் கீறாரா பாரு" என்றார் நைனா.

ஒன்றோடொன்று கோத்த இங்கிலீஷ் கூட்டெழுத்து. எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை.

"இன்னா கலெக்டரே, துரை இன்னா சொல்றாரு?" என்றார் மேஸ்திரி. கூடை தூக்கும் பெண்கள் சிரித்தார்கள். அவர்களோடு நின்ற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எல்லாம் சரியாக் கீது, ஊத்தலாம்னு எழுதிக் கீது" என்றேன்.

"கேட்டுக்கினியா?" என்று மேஸ்திரி கை தட்டினார். நைனா இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஊத்துங்க" என்றார்.

பெண்கள் வரிசையாகச் சாரத்தில் ஏறிக் கலவையைக் கொட்டினார்கள். நைனாவின் தம்பி, என் சித்தப்பா, பலகை அடைப்புக்குள்ளே நின்று கலவையைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார். கலவை பலகை விளிம்பை நெருங்கியபோது மேற்குப் பலகை லேசாக வயிறு தள்ளியது. இடுக்கில் சிமிட்டித் தண்ணீர் கசிந்தது. நைனா உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். திரும்பி, முட்டு இல்லாத இடத்தில் தன் முதுகையே கொடுத்து, குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டார்.

"இன்னும் பத்து கூடதான். அசையாத!" என்றார் மேஸ்திரி.

ஒவ்வொரு கூடை விழும்போதும் அந்தக் குதிகால் ஒரு விரற்கடை சறுக்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் மானம் போகும். அம்மா ஏறி வந்து தன் கூடையைக் கவிழ்த்தாள். பலகை முனகியது. நைனாவின் முழங்கால் மடங்கியது.

"நைனா! எனக்குப் படிக்கத் தெரில! பொய் சொன்னேன்!"

"நிறுத்துங்க! யாரும் கொட்டாதீங்க! டேய், வெளிய வாடா!" மேஸ்திரி எதிரில் நைனா கத்தி அன்றுதான் கேட்டேன். சித்தப்பா பலகை விளிம்பைப் பற்றி எகிறி வெளியே குதித்தார். நைனா பக்கவாட்டில் பாய்ந்தார். அடிப்பலகையின் ஆணிகள் பிடுங்கிக்கொண்டன. கலவை சரிந்து, அவர் நின்ற இடத்தை முழங்காலளவு மூடியது. அதன்மேல் மேல்வரிசைப் பலகை தடாலென்று விழுந்தது.

மேஸ்திரி முதலில் பெண்களைத் திட்டினார், அப்புறம் என்னை.

சாயங்காலம் துரையோடு வந்த பட்லர் அந்த வரியைப் படித்துச் சொன்னான். சிமிட்டிப் பீப்பாய்களை மழையில் நனைய விடக்கூடாதாம். முட்டு மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரிந்த கலவையைத் துரையே கண்ணால் பார்த்துவிட்டதால் மறுநாள் வண்டியில் மரம் வந்து இறங்கியது.

ராத்திரி அடிக்குக் காத்திருந்தேன். நைனா காலில் காய்ந்திருந்த சிமிட்டியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "தெரிலன்னு சொல்லி இருந்தா போதும்டா. துரை எழுத்து தெரியாம எப்படி ஊத்தறதுன்னு நானே நிறுத்தி இருப்பேன்."

மன்னித்துவிட்டார் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். பலகை தாங்காது என்று காலையிலேயே அவருக்குத் தெரியும். அதை மேஸ்திரியிடம் சொல்ல அவர் வாய்க்கு உரிமை இல்லை. அதற்குத்தான் பள்ளிக்கூடம் போகிற ஒரு வாயைத் தேடி என் கையைப் பிடித்தார் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.