சிவசைலம் சொன்ன சாட்சி

சிவசைலத்துக்கு இடது காது கேட்காது. பதினாறு வயதில் அவன் அப்பா அறைந்த அறை அது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கோணிக்கொண்டு நிற்கும். அது அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் செய்தது. உள்ளங்கால்களில் கிடந்த தழும்புகள் போலீஸ்காரர்களுடையவை. எல்லாம் 1908இல், பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில் நடந்தவை.

அவன் அப்பா ஆவுடைநாயகம் பிள்ளை கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தா. சேரன்மாதேவிப் பக்கம் நன்செய் வைத்திருந்த குடும்பம். அண்ணன் தம்பி வழக்கில் வயல் போனபிறகு திருநெல்வேலிக்குக் குடிவந்து பேனாவைப் பிடித்தார். மேலதிகாரி ஏசினால் வாயைத் திறக்கமாட்டார். வீட்டுக்கு வந்து ரூல்தடியை எடுப்பார். தினமும் காலையில் சிவசைலம் அவர் முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷ் எழுத்து எழுதவேண்டும். எழுத்து சாய்ந்தால் முட்டியில் விழும்.

"மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணுதே, ஆபீஸுக்குள்ள நுழையுதே. நான் குனிஞ்ச இடத்துல நீ நிமிந்து உக்காரணும், புரியுதாலே?"

அவனுக்குப் புரிந்தது. எழுத்தும் அச்சில் வார்த்ததுபோல் அழகாக வந்தது. என்ன ஆகவேண்டும் என்று அவனை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

பள்ளிக்கூடத்தில் இன்னொருவன் அவனை வேறு பக்கம் இழுத்தான். பட்டாபி. ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்து டவுனில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவன். சுதேசிக் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பான். "வெள்ளைக்காரன் பாடத்தைப் படிச்சு அவன் ஆபீஸ்லயே போய் அவனுக்குக் கூழைக்கும்பிடு போடப்போறாயாக்கும்? வெட்கமா இல்லையாடா நோக்கு? புஸ்தகத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு வா" என்பான். பரீட்சைக்குப் பணம் கட்டிய பையன்களை வழிமறித்து அடித்துமிருக்கிறான். சிவசைலம் அவனிடம் சரி என்பான். வீட்டில் அப்பாவிடமும் சரி என்பான்.

மார்ச் மாதம் சுதேசித் தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் டவுனில் ஒரு கடை திறக்கவில்லை. காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது சன்னல் வழியாகக் கல் வந்து விழுந்தது. வாத்தியார் சுப்பராமன் கரும்பலகையிலிருந்து திரும்பி, "உட்காருங்கோ, யாரும் எழுந்திருக்கப்படாது" என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை. பட்டாபி பெஞ்சின் மேல் ஏறிக் குதித்து ஓடினான். வகுப்பே ஓடியது. சிவசைலமும் ஓடினான். வீரத்தால் ஓடினான் என்று சொல்லமுடியாது. தனியாக உட்கார்ந்திருக்கப் பயமாக இருந்தது.

தெருவில் கூட்டம் ஆற்றுவெள்ளம் மாதிரி போனது. விளக்குக் கம்பங்களைச் சாய்த்தார்கள். முனிசிபல் ஆபீஸ் வாசலில் டவாலி போட்ட பியூன் தாஜ் முகம்மது கதவை மறித்துக்கொண்டு நின்றார். வயசாளி. "பிள்ளைகளா, உள்ள ஊர்க்காரங்க பத்திரம் இருக்கு, வேண்டாம், போயிருங்க" என்று இரண்டு கையையும் விரித்தார். பட்டாபியின் கையில் விளக்குக் கம்பத்திலிருந்து பிடுங்கிய இரும்புக் கம்பி இருந்தது. அவன் அதை ஓங்கி அவர் முகத்தில் அடித்தான். கிழவர் சத்தமே போடவில்லை. படியில் சரிந்தார். அவர் மேல் மிதித்துக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே போனார்கள்.

சிவசைலம் போகவில்லை. அவரைக் கக்கத்தில் பிடித்துச் சுவரோரம் இழுத்துப்போட்டான். வலது கண் இருந்த இடத்தில் ரத்தம் குமிழியிட்டது. மேல்வேட்டியைச் சுருட்டி வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான். பின்னால் ஆபீஸ் பற்றி எரிந்தது. மண்ணெண்ணெய்க் கிடங்குப் பக்கமிருந்து கரும்புகை எழுந்து வானத்தை மூடியது. பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஓடிவந்த ஒருவன் அவன் கண்ணெதிரே குப்புற விழுந்து மண்ணைக் கையால் பிறாண்டிவிட்டு அடங்கினான். அன்று நாலு பேர் செத்தார்கள்.

போலீஸ்காரர்கள் வந்தபோது மற்றவர்கள் ஓடிப்போயிருந்தார்கள். சட்டையெல்லாம் ரத்தமாக ஒரு பையன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

கொட்டடியில் அவனைக் குப்புறப் போட்டு, ஒருவன் முதுகில் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவன் உள்ளங்காலில் பிரம்பால் அடித்தான். தோல் உரிந்தது. இன்ஸ்பெக்டர் கேட்டது ஒன்றுதான். "சுப்பராமன் வாத்தியார்தானே ஆபீஸைக் கொளுத்தச் சொன்னது?"

"இல்லைங்கய்யா. உக்காரத்தான் சொன்னாரு."

மறுபடி பிரம்பு விழுந்தது.

பிறகு ஆவுடைநாயகம் பிள்ளையை வரவழைத்தார்கள். தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் இன்ஸ்பெக்டர் முன் நின்றார். பையன் வாத்தியாருக்கு எதிராகச் சாட்சி சொன்னால் வழக்கிலிருந்து விட்டுவிடலாம், பரீட்சையும் எழுதலாம், ஆபீஸில் வேலைக்கும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றார் இன்ஸ்பெக்டர். இல்லாவிட்டால் பையனுக்கு ஜெயில், அப்பனுக்கு வேலை போகும்.

பிள்ளை மகனிடம் வந்தார். "சொல்லிருலே. ரெண்டே வார்த்தை. சொல்லிட்டு வீட்டுக்கு வா, அம்மை சோறு தண்ணி இல்லாம கெடக்கா."

"அவரு சொல்லலயேப்பா."

"சொன்னாருன்னு சொல்லு."

"பொய்யிப்பா."

பிள்ளையின் கை ஓங்கியது. அறை காதில் விழுந்தது. சிவசைலம் சுவரில் மோதிக் கீழே விழுந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. போலீஸ்காரர்களே ஓடிவந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அவர்கள் கையில் திமிறியபடி, "சொல்லுலே, சொல்லுலே" என்று அழுதார்.

அதன்பிறகு, நடந்ததைச் சொல்கிறேன் என்று சிவசைலம் ஒத்துக்கொண்டான். அவன் வழிக்கு வந்துவிட்டான் என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வாத்தியாரையும் பட்டாபியையும் அதற்குள் பிடித்து வழக்குப் போட்டிருந்தார்கள்.

அவன் சர்க்கார் பக்கம் சாட்சி சொல்லப்போகிறான் என்ற செய்தி ஊரில் பரவிவிட்டது. வீட்டு வாசலில் செத்த நாயைக் கொண்டுவந்து போட்டார்கள். கல் எறிந்ததில் அவன் அம்மா பிரம்மநாயகியின் நெற்றி பிளந்தது. பட்டாபியின் மாமா அவர்கள் வாசலுக்கே வந்து, "வாயைத் திறந்தாயானால் தாமிரபரணியிலேதான் மிதப்பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் கேட்டபோது, சுப்பராமன் வாத்தியார் யாரையும் தூண்டவில்லை, உட்காரச் சொன்னார், நாங்கள்தான் கேட்கவில்லை என்றான் சிவசைலம். வக்கீலுக்கு முகம் சிவந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே போனார். பட்டாபியின் ஆட்கள் பக்கம் ஒரு சந்தோஷச் சலசலப்பு. அப்போது வக்கீல், "அப்படியானால் அந்தப் பியூனை அடித்தது யார்? அதுவாவது தெரியுமா?" என்று கேட்டார்.

சிவசைலம் குற்றவாளிக் கூண்டில் நின்ற பட்டாபியைப் பார்த்தான். பட்டாபி தலையை மெதுவாக இல்லை என்று ஆட்டினான்.

"பட்டாபி" என்றான் சிவசைலம். "இரும்புக் கம்பியால."

பட்டாபிக்கு இரண்டு வருஷம் கடுங்காவல். வாத்தியார் விடுதலையானார். ஆனால் கூடப் படித்தவனையே காட்டிக்கொடுத்தவன் என்று நினைத்தாரோ என்னவோ, சிவசைலத்தின் முகத்தைப் பார்க்காமலே வெளியேறினார். போலீஸ் சிவசைலத்தைக் கலகக்காரர் பட்டியலில் வைத்தது. பள்ளிக்கூடம் அவன் பெயரை அடித்தது. ஜில்லாவில் வேறெந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்கவில்லை. ஆவுடைநாயகம் பிள்ளையின் வேலை போகவில்லை. இரண்டு படி கீழே இறக்கி, பழைய காகிதக் கட்டுகளை அடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் குறுக்குத்துறையில் குளித்துவிட்டுச் சிவசைலம் கரையேறினான். நாலு பேர் வந்தார்கள். எல்லோரும் அவன் வகுப்புப் பையன்கள். ஒருவன் கழுத்தைப் பிடிக்க, இரண்டு பேர் காலைப் பிடிக்க, அவனைத் துவைகல்லின் மேல் சாய்த்து வலது கையை விரித்து வைத்தார்கள்.

"இந்தக் கையைத் தூக்கித்தானலே கோர்ட்டுல சத்தியம் பண்ணுனே?"

"உள்ளதைத்தானலே சொன்னேன்! விடுங்கலே!"

உருண்டைக் கல் ஒன்று இறங்கியது. இரண்டாவது தடவை இறங்கியபோது எலும்பு நொறுங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது. கீழே துணி வெளுத்துக்கொண்டிருந்த பாலம்மாள் ஓடிவந்தாள். நனைந்த சேலையை முறுக்கிச் சாட்டைபோல வீசி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவர்களை விரட்டினாள். அவனைத் தன் அழுக்குமூட்டைக் கழுதையின் மேலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

விரல்களைக் கட்டையில் வைத்துக் கட்டினார்கள். இனிமேல் எழுத்து வராது என்று டாக்டர் சொன்னார். சிவசைலம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் அழுதது விரலுக்காக மட்டுமில்லை. இனி அப்பாவுக்காக எழுதவேண்டாம் என்று ஒரு பாரம் இறங்கியது மாதிரியும் இருந்தது. அப்படி இருந்ததற்காகவும் அழுதான்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். வண்டிச் சக்கரம் ஏறிக் கால் அழுகிப்போன ஒருவனைக் கொண்டுவந்தார்கள். காலை எடுக்கவேண்டும். பிடித்துக்கொள்ள வந்த ஆட்களில் ஒருவன் நாற்றம் தாங்காமல் ஓடிப்போனான். கம்பவுண்டர் அசன் மைதீன் வார்டுக்குள் வந்து சுற்றும் முற்றும் பார்த்தார். சிவசைலத்தின் கட்டிலருகே நின்றார்.

"தம்பி, ஒரு ஆளு கொறையுது. காலை எடுக்காங்க. தொடையில படுத்து அமுக்கிக்கிட முடியுமா? முடியாதுன்னா சொல்லிரும், ஒண்ணும் தப்பில்ல."

சிவசைலம் அவரையே பார்த்தான். இன்னொரு தடவை சொல்வாரா என்பது மாதிரிப் பார்த்தான்.

"முடியும் அண்ணாச்சி."

மயக்கமருந்து பாதியில் தெளிந்துவிட்டது. அந்த மனிதன் கத்திய கத்தலில் வராந்தாவில் நின்றவர்கள் ஓடினார்கள். ரம்பம் எலும்பில் போகும் அதிர்வு சிவசைலத்தின் நெஞ்சுக்குள் ஏறியது. ரத்தம் முகத்தில் தெறித்தது. அவன் பிடியை விடவில்லை. "அய்யா, இந்தா முடிஞ்சிட்டு, கொஞ்சம் பொறும், இந்தா முடிஞ்சிட்டு" என்று அந்த மனிதனின் காதில் சொல்லிக்கொண்டே இருந்தான். எல்லாம் ஆனபிறகு வெளியே வந்து வாந்தி எடுத்தான். வாயைக் கழுவிவிட்டு உள்ளே திரும்பிப்போய், "அண்ணாச்சி, கட்டு எப்படிப் போடுதீங்க? நான் பாக்கலாமா?" என்று கேட்டான்.

அவனாகக் கேட்ட முதல் கேள்வி அது. விரல் ஆறியபிறகும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் வேலைக்குப் பழகும் ஆளாக அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சைவப்பிள்ளை வீட்டு மூத்த மகன் கண்ட சாதியின் சீழைத் துடைக்கிறான், பிணத்தை அறுக்கும் அறையில் நிற்கிறான் என்று உறவுக்காரர்கள் கொதித்தார்கள். ஒருநாள் காலையில் ஆவுடைநாயகம் பிள்ளை ஆஸ்பத்திரி முற்றத்துக்கே வந்துவிட்டார். மகனின் சட்டையைப் பிடித்து இழுத்துக் குடைக்காம்பால் முதுகிலும் தோளிலும் அடித்தார். நோயாளிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த அடி இறங்கும்முன் சிவசைலம் குடையைப் பிடித்துக்கொண்டான்.

"போதும்ப்பா. இனி அடிச்சா பிடிப்பேன்."

பிள்ளை குடையை இழுத்தார். வரவில்லை. அவன் பிடித்திருந்த கை வலது கை. கோணிப்போன விரல்களை அவர் அப்போதுதான் அருகில் பார்த்தார்.

"எவன்லே ஒடிச்சது? பேரைச் சொல்லு. வெட்டிட்டுத் தூக்குக்குப் போறேன்."

"சொல்லமாட்டேன்."

"கோர்ட்டுல சொன்னியே!"

"அது சொன்னதுக்குப் பட்டது போதும்ப்பா."

பிள்ளை குடையை விட்டுவிட்டு நடந்தார். நேரே ஆற்றுக்குப் போய்ச் செத்தவனுக்குத் தலைமுழுகுவதுபோல் முழுகிவிட்டு வீடு சேர்ந்தார். மறுநாளிலிருந்து ரூல்தடி இளையவன் பாபநாசத்தின் முன்னால் உட்கார்ந்தது. பாபநாசம் அடிவாங்கிப் படித்தான், பாஸ் செய்தான், கலெக்டர் ஆபீஸில் சேர்ந்தான். அவனுக்கு அந்த வேலை பிடித்தும் இருந்தது.

1910இல் பட்டாபி ஜெயிலிலிருந்து வந்தான். செக்கிழுத்த தோள்பட்டையில் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்தபிறகுதான் எதிரே இருந்த டிரஸ்ஸர் யாரென்று அவனுக்குத் தெரிந்தது. எழுந்து போகப்பார்த்தான்.

"உக்காரு. சீழ் கட்டியிருக்கு" என்றான் சிவசைலம்.

புண்ணைக் கீறும்போது பட்டாபி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் கேட்டான். "என் பேரை ஏண்டா சொன்னே?"

"நீ அடிச்சியே."

"தேசத்துக்காக அடிச்சேன்."

"அந்தக் கிழவனை அடிச்சே."

பட்டாபி சட்டையை மாட்டிக்கொண்டான். பிறகு, "இருக்காரா?" என்றான்.

"இருக்காரு. ஒரு கண்ணு போச்சு. மேலப்பாளையத்துல மகன் வீட்டுல இருக்காரு. வேணுமின்னா கூட்டிட்டுப் போறேன்."

பட்டாபி போகவில்லை. அந்த வருஷமே தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனவன், திரும்பவில்லை.

சிவசைலத்துக்குச் சொந்தத்தில் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. வெகுகாலம் தனியாகவே இருந்தான். அரிவாள் வெட்டு, பனையிலிருந்து விழுந்தவர்கள், புருஷன் சுட்ட சூடு என்று அவன் முன்னால் வந்தவை எல்லாம் அடிபட்ட உடம்புகள். யார் அடித்தது என்று அவன் கேட்பதில்லை. போலீஸுக்குத் தேவையென்றால் உள்ளதை மட்டும் சொல்வான்.

1918இல் விஷக்காய்ச்சல் வந்தபோது ஆவுடைநாயகம் பிள்ளை படுத்தார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். பிரம்மநாயகி ஆளனுப்பினாள். பத்து வருஷத்துக்குப் பிறகு சிவசைலம் அந்த வீட்டுக்குள் நுழைந்தான். ஜன்னியில் பிள்ளை கையையும் காலையும் வீசிக்கொண்டிருந்தார். பாபநாசம் பிடிக்கப் பயந்து எட்ட நின்றான். சிவசைலம் குனிந்தபோது அப்பாவின் கை அவன் கன்னத்தில் அறைந்தது. அவன் அந்தக் கையைப் பிடித்து மடக்கி மார்போடு வைத்துக்கொண்டான். "இந்தா முடிஞ்சிட்டுப்பா, கொஞ்சம் பொறுங்க" என்றான். மத்தியானம் உயிர் போனது.

தலைமுழுகப்பட்டவன் கொள்ளி வைக்கக்கூடாது என்று உறவுக்காரர்கள் வாசலில் நின்று கூச்சல் போட்டார்கள். ஒரு சித்தப்பா அவனைப் பிடித்துத் தள்ளினார். பிரம்மநாயகி வெளியே வந்தாள். நெற்றியில் பழைய கல்லடித் தழும்பு தெரிய, "மூத்தவந்தான் வைப்பான். மாட்டேங்குறவன் இப்பவே நடையைக் கட்டுங்க" என்றாள்.

கொள்ளி வைத்து முடிந்ததும் சிவசைலம் ஆற்றில் முழுகிவிட்டு, ஈரவேட்டியோடு நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தான். வராந்தா முழுக்கக் காய்ச்சல்காரர்கள் படுத்துக் கிடந்தார்கள்.