அந்தப் பெண் என்ன செய்தாள்?

எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தேன். இந்தியாவிலிருந்து வந்த சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று அப்போது தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தில் கைமாறிக்கொண்டிருந்தது. தனித்தனிக் கதைகளில் வரும் ஐந்து சாகச வீரர்கள் அதில் ஒன்றுசேர்ந்து ஓர் அரக்கனை எதிர்த்தார்கள். அவர்களில் ஒருத்தி பெண்.

ஐவரில் யார் பெரியவன் என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நண்பர்களும் நானும் ஓயாமல் வாதாடுவோம். ஒருநாள் குடத்தோடு வந்த லெட்சுமி அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருப்பவர், கொழுந்து பறிப்பவர், வாசிக்கத் தெரியாதவர்.

“தம்பி, அதுல ஒரு பொம்பளயும் இருக்கான்னு சொன்னியே, அவ என்ன செஞ்சா?”

“ஒண்ணும் செய்யலக்கா. சும்மா கூட வந்தா, அவ்வளவுதான்.”

“அங்கயும் அப்படித்தானா?” என்று சொல்லிவிட்டு அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

உண்மையில் நான் சண்டைப் பக்கங்களை மட்டுமே படித்திருந்தேன்.

கொஞ்ச நாளில் அக்காவின் குடும்பம் குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. அதன்பிறகுதான் புத்தகம் மறுபடி என் கைக்கு வந்தது. மழைக்கு முடங்கிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை முழுதாகப் படித்தேன். நான்கு வீரர்களும் சிறைப்பட்டுக் கிடக்க, தனியாகப் போய் அவர்களை மீட்டவளே அந்தப் பெண்தான். அக்கா எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் வாசிக்காத பக்கத்தைப் பற்றி யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருந்தால், அக்கா வேறு யாரிடமாவது கேட்டிருப்பார்.