ரத்தினத்தின் இடது காது

நம்ப முடியாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண்ணைச் சொக்கும் நேரத்தில். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில், பேச்சு, செவிக் குறைகளுக்கான சிகிச்சை படிக்கிற மாணவர்கள் நோயாளிகளைப் பார்த்துப் பழகுவதற்கென்று ஒரு கிளினிக் இருக்கிறது. அங்கே கடைசி வருஷப் பயிற்சியில் இருந்த விஷ்ணுப்ரியாவுக்குத்தான் நடந்தது.

கதை கட்டிச் சொல்லும் பெண் அல்ல அவள். அந்தச் சமயத்தில் அவள் பேச்சே குறைவு. அவளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோயிருந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகை அடித்து, அதற்குப் பிறகு நின்றது. பெருங்களத்தூர் அபார்ட்மெண்டில் அம்மா அழுதார், சித்தி அழுதார். இவளுக்கு அழுகை வரவில்லை. மறுநாள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்துவிட்டாள். பேச்சு வராத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எந்தத் தாயாவது விம்மினால் முன்பெல்லாம் இவளும் கூட அழுதுவிடுவாள். இப்போது டிஷ்யூவை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

ரத்தினம் வந்தது ஒரு வியாழக்கிழமை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் தகடு வளைக்கும் பிரஸ் மிஷினில் பல வருஷமாக வேலை. கூட வந்த மனைவி கங்கம்மாதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

“இன்னா கத்தினாலும் காதுல வுழல மா. டிவிய ஃபுல்லா வெச்சாலும் சும்மா பாத்துகினு குந்திக்கிறாரு.”

“எப்பத்துலேர்ந்து இப்படி?”

“ரொம்ப வருஷமா கொஞ்சம் கொஞ்சமா. இப்ப சுத்தமா இல்ல.”

“ஏதாவது அடிபட்டுதா? வேலை செய்யற இடத்துல ஏதாவது?”

கங்கம்மா முந்தானையைச் சரிசெய்தாள். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

ரத்தினம் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். காது சோதிக்கிற அறை என்பது ஒரு பெரிய இரும்புப் பெட்டி மாதிரி. கதவு கையளவு தடிமன். உள்ளே சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒரு பொட்டும் வராது. நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். நோயாளி உள்ளே ஹெட்போன் மாட்டி உட்காருவார். வெளியே, இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம், மிஷினோடு மாணவி உட்காருவாள். அவள் காதிலும் ஒரு ஹெட்போன். உள்ளே இருப்பவர் பேசுவது அதில்தான் வரும். இடையில் வேறு வழி கிடையாது.

முதலில் ‘பீப்’ சத்தம் வைத்துப் பார்த்தாள். கேட்டால் பட்டனை அமுக்கவேண்டும். வலது காதில், மிஷின் கிட்டத்தட்ட அலறும்போதுதான் அமுக்கினார். இடது காதில் மிஷினின் எல்லைவரை போனாள். ஒன்றும் இல்லை. அந்தக் காது வெறும் மரக்கட்டை.

அடுத்தது வார்த்தைகள். இவள் மைக்கில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வாள். அவர் திருப்பிச் சொல்லவேண்டும். உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்று வாயை மறைத்துக்கொண்டாள். இடது காதுக்கு மாற்றினாள்.

“மரம்.”

பதில் இல்லை.

“கதவு.”

இல்லை.

“பால்.”

ரத்தினம் தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்தார். யாரோ காதருகே குனிந்து பேசினால் சாய்ப்போமே, அப்படி.

“பாய்,” என்றார்.

பால் என்பதைப் பாய் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் இந்தக் காதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அவரே பேசினார்.

“பொந்தொ கொரொ.”

அது அவள் சொன்ன வார்த்தை இல்லை. மைக்கைப் பார்த்தாள். பேசும்போது மட்டும் அமுக்கும் பட்டனில் அவள் விரல் இல்லை.

“பாய்... பொந்தொ கொரொ.”

வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் பிள்ளையின் குரல் அது. அர்த்தம் தெரியாமல், சத்தத்தை மட்டும் கவனமாக எடுத்து வைக்கிற குரல். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு இடைவெளி. கேட்பதற்கான இடைவெளி.

“ஹாத்தொ பித்தொரே ஒச்சி.”

விஷ்ணுப்ரியா படித்ததே சத்தங்களை. தெரியாத பாஷையாக இருந்தாலும் ஒலியை அப்படியே பிடித்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு. பயம் வரவேண்டிய இடத்தில் அந்தப் பழக்கம்தான் வந்தது. மனதில் வாங்கிக்கொண்டே இருந்தாள். வால்யூமைக் கூட்டினாள்.

அப்போதுதான் கேட்டது.

ரத்தினம் சொல்வதற்கு முன்னால், அதே வார்த்தை. மெல்லிசாக. வேறு குரல்.

முதலில் அது. பிறகு ரத்தினம்.

முதலில் அது. பிறகு ரத்தினம்.

சின்ன வயதுக் குரல். ஆண். ஓடி வந்தவன் போல மூச்சு வாங்கியது... மூச்சுக்கு நடுவே பேசியது.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே ஒரு நாற்காலி. ஒரு ஆள்.

மணி மூன்றே கால். வராந்தாவில் கங்கம்மாவைத் தவிர யாரும் இல்லை. சூப்பர்வைசர் ஷீலா மேடம் மாடியில் வகுப்பில் இருந்தார்.

மிஷினை அணைத்தாள்.

திரை கறுத்தது. விளக்குகள் செத்தன. இனி ஹெட்போனில் ஒன்றும் வர முடியாது.

ரத்தினம் குரல் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதடு மட்டும் அசைந்தது. சத்தமில்லாமல்.

ஆனால் மற்றது நிற்கவில்லை.

“ஹாத்தொ... பித்தொரே...”

அவள் இடது காதில்.

மூச்சு. மூச்சு. மூச்சு.

பிறகு அதுவும் அடங்கியது. யாரோ திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அமைதி...

“சே ஜிஒ பி ஷுணுச்சி.”

ரத்தினத்தின் உதடு அதையும் சொன்னது.

ஹெட்போனைக் கழற்றினாள். கை நடுங்கவில்லை. அதை அவள் பின்னால் பல தடவை நினைத்துக்கொண்டாள். மரத்துப்போன கால் நம் கால்தானா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரிதான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். உள்ளே இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை. அது அவருடைய சட்டையிலிருந்து வந்திருக்கலாம்.

“முட்ஞ்சிதா மா?” என்றார் ரத்தினம், காது கேளாதவர்களின் உரத்த குரலில்.

அவர் முகத்துக்கு நேராக, உதடு தெரியும்படி நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். “நீங்க என்ன சொன்னீங்க உள்ள?”

“நீ சொன்னத தான் மா திருப்பிச் சொன்னேன்.” இடது காதைத் தொட்டுக் காட்டினார். “இந்தக் காதுல. நல்லா கேட்டுச்சு. பாஷ தான் புரில.”

வராந்தாவில் கங்கம்மா எழுந்து நின்றாள். விஷ்ணுப்ரியா சோதனை முடிவைச் சொன்னாள். வலது காதுக்குக் காது கேட்கும் மிஷின் வைத்துப் பார்க்கலாம், இடது காதில் கேட்க வாய்ப்பே இல்லை. கங்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நெசமாவே கேக்காது இல்ல? சத்தியமா?”

“கேக்காதும்மா.”

அப்போதுதான் கங்கம்மா வாயைத் திறந்தாள். கணவரைப் பார்க்காமல் சொன்னாள்.

“நிரஞ்சன்னு ஒரு ஆளு. ஒரிஸாக்காரன். இவரு முன்னாடி நின்னு பெடல மிதிப்பாரு, அவன் பின்னாடி நின்னு தகட்ட புடிப்பான். நடுவுல மிஷின் மறைக்கும், அவன் மூஞ்சி இவருக்குத் தெரியாது. ரெண்டு மாசம் முன்ன அவன் கை உள்ள மாட்டிக்கிச்சு. கத்திக்கிறான். இவரு மறுபடி மிதிச்சிட்டாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள பூட்டான்.”

கங்கம்மா இன்னும் விஷ்ணுப்ரியாவின் கையை விடவில்லை.

“ஷெட்டுல இருக்கறவங்க, ரோடு வரிக்கும் கேட்டுச்சு, உனக்குக் கேக்கலையான்றாங்க. இவரக் கேட்டா, தெர்லன்றாரு. கேட்டும் மிதிச்சிட்டனோன்னு ராத்திரில ஏந்து குந்திக்கிறாரு. கேக்கலன்னு நீ ஒரு பேப்பர் எழுதிக் குடு மா. வேற யாருக்கும் இல்ல. இவருக்குக் காட்டணும்.”

எழுதிக் கொடுத்தாள். இரண்டு காதிலும் உள்ள குறையை எழுதி, சாதாரணப் பேச்சோ கூச்சலோ கேட்க வாய்ப்பில்லை என்று எழுதினாள். ஷீலா மேடம் வந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“வேர்ட்ஸ் ஏதாவது ரிப்பீட் பண்ணாரா?”

“இல்ல மேடம்.”

ரத்தினம் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படிக்கவில்லை. கங்கம்மா அழுதாள். விஷ்ணுப்ரியா டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டில் வழக்கமான நெரிசல். பஸ்ஸில் நின்றபடியே வந்தாள். அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி பிரமோத் கேட்டைத் திறந்துவிட்டான். அவனுக்கும் ஒரிஸாதான் ஊர். இரண்டு வருஷத்தில் ஓரளவு தமிழ் பேசக் கற்றிருந்தான். அவள் தாண்டிப்போய், திரும்பி வந்தாள்.

“பிரமோத், பாய் பொந்தொ கொரொன்னா என்ன?”

அவன் சிரித்தான். “மேடம் ஒடியா பேசறீங்க! அண்ணே, பந்த் பண்ணு. ஆஃப் பண்ணு.”

“ஹாத்தொ பித்தொரே ஒச்சி?”

“கை உள்ளே இருக்கு.” சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “யாரு சொன்னாங்க மேடம்?”

அவளிடம் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதை நாக்கில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். தண்ணி லாரி ஒன்று உள்ளே போனது.

“சே ஜிஒ பி ஷுணுச்சி.”

பிரமோத் அவளையே பார்த்தான்.

“அந்தப் பொண்ணுக்கும் கேக்குது.”

அவள் தலையாட்டிவிட்டு லிஃப்டுக்குப் போனாள். அம்மா காப்பி கொடுத்தார். குடித்தாள். அன்று ராத்திரி இடது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தாள். அதற்குப் பிறகு எல்லா ராத்திரியும் அப்படித்தான். ஒருநாள் மதியம், யாரும் இல்லாதபோது, கூடப் படிக்கிற தோழி உதயாவை மிஷினை இயக்கச் சொல்லித் தன் காதையும் சோதித்துக்கொண்டாள். இரண்டு காதும் சரியாகவே இருந்தன.

ஏழெட்டு வாரம் கழித்து ரத்தினம் வந்தார், வலது காதுக்கு மிஷின் மாட்ட. ஆள் தேறியிருந்தார். சவரம் செய்து, திருநீறு பூசி வந்திருந்தார். விஷ்ணுப்ரியாவே மாட்டிவிட்டாள். அவள் பேசியது கேட்டதும் அவர் கண் கலங்கியது.

“இடது காதுக்கும் ஒண்ணு முயற்சி பண்ணிப் பாக்கலாமா?” என்று கேட்டாள், வழக்கமாகக் கேட்பது போல.

“வாணாம் மா.” அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா... அன்னிக்கு மறச்சிட்டேன். அவன் பேசிகினே இருந்தான் மா, அந்தக் காதுல. அவன் செத்ததுலேர்ந்து ரெண்டு மாசமா. உன் ரூம்புல குந்தின அன்னிக்குத்தான் கடைசி. அப்பால ஒரு வார்த்த கூட இல்ல. எங்க பூட்டான்னு தெர்ல.”

விஷ்ணுப்ரியா காது மிஷினின் டப்பாவை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

அவளுக்குத் தெரியும்.