நூற்றாண்டு மலரில் வெட்டிய படம்

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்தெருவில் இருக்கும் எங்கள் மாதர் சங்கம், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய காலத்தில் பிறந்தது. அதன் நூற்றாண்டு மலருக்கு மெய்ப்புப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியை, அடையாறில் சும்மாதானே கிடக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். பெருமையாகத்தான் போனேன். முதல் பக்கத்திலேயே எரிச்சல் வந்துவிட்டது.

மலர் முழுக்கத் திருமதிகள். திருமதி வக்கீல் இன்னார், திருமதி டாக்டர் இன்னார், திருமதி ஜட்ஜ் இன்னார். பெண்ணுக்கும் ஓட்டு வேண்டும் என்று சண்டை போட்டவர்களில் ஒருத்திக்கும் சொந்தப் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் அவர்களே தங்கள் சரித்திரத்தை அப்படித்தான் எழுதி வைத்தார்களாம். அதில் கை வைக்கவே கூடாது என்றார் எழுபதைத் தாண்டிய செயலாளர் மாமி.

பழைய படம் ஒன்று இருந்தது. பங்களாப் படிக்கட்டில் பட்டுப்புடவைகளோடு சங்கத்தார். ஓரத்தில் தம்புராவோடு ஒரு சின்னப் பெண். மற்ற எல்லோருக்கும் கீழே திருமதி. அவளுக்கு மட்டும் ‘பெயர் தெரியவில்லை’.

மலர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, கிண்டியிலிருந்து எண்பது தாண்டிய ஒரு அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். படத்தைக் காட்டினோம். ஓரத்தில் விரலை வைத்தார்.

“இது எங்கம்மா. கூட்டத்துக்குப் பொம்பளைங்க வரவே மாட்டாங்களாம். எங்கம்மா பாடினாத்தான் வந்து உட்காருவாங்களாம். அப்புறம்தான் இவங்க ஓட்டைப் பத்திப் பேசுவாங்க. பேரை மட்டும் போட்டுடுங்கம்மா. கண்ணால பார்த்துட்டா எனக்குப் போதும்.”

“அவா ஆத்துக்காரர் பேர் என்ன?” என்றார் செயலாளர்.

“அம்மாவுக்குக் கல்யாணம் ஆகலைங்க.”

செயலாளர் பேனாவை மூடினார். “அப்போ எப்படிப் போடறது? இவ யாரு என்னன்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே. யார் வந்து சொன்னாலும் போட்டுண்டு இருக்க முடியுமா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கல்யாணம் ஆகாதவளுக்கு ஓட்டு வேண்டாம்னா கேட்டாங்க உங்க பெரியவங்க?” என்றேன். அவர் முகம் சிவந்தது. கடைசியில், சரி, எழுதிக் கொடுங்கோ என்றார். மெய்ப்பில் அந்தப் பெயரை நானே கொட்டை எழுத்தில் எழுதினேன். அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

தி.நகர் மண்டபத்தில் வெளியீட்டு விழா. கடவுள் வாழ்த்துப் பாட அந்த அம்மாளையே அழைத்திருந்தார்கள். தாயாருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து, பட்டுடுத்தி வந்திருந்தார். பாடி முடித்து இறங்கியதும் மலரை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். படம் இருந்தது. ஓரத்தை வெட்டியிருந்தார்கள். தம்புராவும் இல்லை, பெண்ணும் இல்லை.

நான் செயலாளரிடம் ஓடினேன். “படம் பக்கத்துக்குள்ள அடங்கலை. அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கேசரி பரிமாறப் போய்விட்டார்.

“அடுத்தது எப்போம்மா வரும்?” என்று அம்மாள் என்னைக் கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. “வராதும்மா. இது ஒரு தடவை போடறதுதான்.”

அவர் மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மங்களம் பாட மைக்கில் கூப்பிட்டார்கள். பாடாமல் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அப்படிப் போயிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அவர் மேடைப் படியைப் பிடித்து ஏறிப் போய், சுருதி பிசகாமல் பாடினார்.

முன்வரிசையில் செயலாளர் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மங்களம் முடிந்ததும் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

“அப்படியே அவ அம்மா குரல். அந்தக் காலத்துல எங்காத்துல கல்யாணம் கார்த்தின்னா அவதான் வந்து பாடுவா.”