மைக்குக்கு முகம் எந்தப் பக்கம்

பேருந்து நிலையத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓட்டுநர், நடத்துநர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அவன் 'மைக்கு'தான். "மைக்கு, நம்ம வண்டிய இன்னொரு தரம் சொல்லிடு, பாதி சீட்டு காலியாக் கெடக்கு" என்று கண்ணாடிக் கூண்டின் துவாரத்தில் வாயை வைத்துக் கேட்பார்கள். அவனும் சொல்வான். மூன்றாம் நடைமேடையில் நிற்கும் வண்டி உடனே புறப்படும், பயணிகள் விரைந்து ஏறவும். கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளின் வழியே வெளியே வரும்போது அது யாருடைய குரலாகவும் இருக்கலாம். தகர டப்பாவுக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அவன் இலக்கியத்தில் முதுகலை முடித்தவன். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவனுடையது. செங்கல் சூளையில் காலமெல்லாம் மண் பிசைந்த அப்பா, மகனின் பட்டத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். பால்காரர்கூட ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். அதில் மைக்குக்குக் கூச்சம் ஒன்றுமில்லை. பெருமைதான். உறுத்தியது வேறு. நாள் பூராவும் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிறான், ஆனால் இத்தனை வருஷத்தில் ஓர் ஆள்கூட அவன் குரலைக் கேட்டதில்லை.

அதனால்தான், ஒலிப்புத்தகம் வெளியிடும் நிறுவனம் ஒன்று நீண்ட சரித்திர நாவலுக்கு வாசிப்பவரைத் தேடுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓர் அத்தியாயத்தை வீட்டிலேயே பதிவு செய்து வெள்ளிக்கிழமை காலைக்குள் அனுப்பவேண்டும். ஒலி சுத்தமாக இருக்கவேண்டும். அந்தச் 'சுத்தம்' என்ற சொல் காதுக்குள் எறும்பு புகுந்தது போல அவனைக் குடைய ஆரம்பித்தது. டீ குடிக்கும் இடைவேளையில் மைக்குகளை ஒப்பிடும் வீடியோ பார்த்தான். ஒருவர், எல்லா ஸ்டுடியோவிலும் இருக்கிற அந்த ஒரு மைக்கை விட்டால் வேறு கதி இல்லை என்றார். அடுத்தவர், அதில் கால் பங்கு விலைக்கு வாங்கியதில் பேசிக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், வித்தியாசம் தெரிகிறதா என்றார். மைக்கு கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. அதற்குள் இரண்டு வண்டிகள் அறிவிப்பு இல்லாமலே கிளம்பிப் போய்விட்டன.

கடைசியில் கல்லூரித் தோழன் ஒருவனிடம் போய் நின்றான். தோழன் சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறான்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போடா" என்றான் தோழன். "ஒரு வாரம் வச்சுப் பாரு. எது ஒத்து வருதோ அதையே வாங்கிக்க."

ஒன்று வெல்வெட் மெத்தை போட்ட பெட்டியில் படுத்திருந்தது. ஸ்டுடியோ மைக். இன்னொன்று மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கிற சாதா ரகம். மைக்கு இரண்டாவதைப் பார்த்ததும் மூஞ்சியைச் சுளித்தான்.

"இது எதுக்குடா? கூண்டுக்குள்ள நான் தெனமும் எச்சில் பண்றது இந்த ஜாதிதானே?"

"இருக்கட்டும், கொண்டு போ. அப்பறம் அந்த வெல்வெட் பெட்டிப் பெரியவரை வைக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு, கேட்டுக்க..."

"எல்லாம் வீடியோவுல பாத்தாச்சு. நான் என்ன படிக்காதவனா?"

தோழன் தோளைக் குலுக்கினான். சாதா மைக் பையின் அடியில் காலுறைகளோடு போய்ச் சேர்ந்தது.

வீடு மொத்தம் இரண்டே அறை. பின்னறையில் துணி அலமாரியை ஒட்டி ஒரு மேசை போட்டு, அதன்மேல் ஸ்டுடியோ மைக்கைச் செங்குத்தாக நிறுத்தினான். முன்னறையில் அவன் மனைவியின் தையல் மெஷின். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடைச் சட்டை தைத்துத் தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். பள்ளி திறப்பதற்கு முன், வெள்ளிக்கிழமை காலையில் மொத்தமும் போய்ச் சேரவேண்டும். வெட்டி வைத்த காலர்கள் கூடை நிறையக் குவிந்திருந்தன.

முதல் நாள் பதிவைக் கேட்டதும் மைக்குக்கு முகம் தொங்கிவிட்டது. அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தையல் மெஷினோ மடியில் உட்கார்ந்து ஓடுவது மாதிரிக் கேட்டது. குரல் எடுபடவில்லையே என்று ஒலியளவைக் கூட்டினான். வீடே கூடிக்கொண்டது. ஃபிரிட்ஜின் முனகல், மின்விசிறியின் கிறீச், குழாய்ச் சொட்டு, அப்பாவின் இருமல்.

"நல்ல மைக்குன்னா இப்படித்தான். எல்லாத்தையும் கேக்கும். குத்தம் மைக்கு மேல இல்ல, வீட்டு மேல" என்றான் மனைவியிடம்.

"வீட்டு மேலயா, வீட்டுல இருக்கறவங்க மேலயா?"

"ஒரு ரெண்டு நாள். நான் ட்யூட்டி முடிஞ்சு வந்ததும் மெஷினைக் கொஞ்சம் நிறுத்தி வையேன்."

"காலைல தண்ணி, சமையல், கடை. எனக்குத் தைக்க நேரம் கெடைக்கறதே நீங்க வர்ற நேரத்துலதாங்க."

"பெரிய நாவல்மா. கெடைச்சா வருஷம் பூரா வேலை."

அவள் மெஷின் மேல் துணியைப் போட்டு மூடினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மனிதர்கள் பூனை நடை நடந்தார்கள். ஃபிரிட்ஜை அணைத்து வைத்ததில் பால் திரிந்தது. விசிறி நின்றதில் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. அப்பாவுக்கு இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு தெருக்கோடி வரை போய் இருமிவிட்டு வருவார். ஜன்னலுக்கு ஒரு போர்வை, கதவுக்கு ஒரு போர்வை, தலைக்கு மேல் ஒரு போர்வை என்று கட்டி, அந்தக் கூடாரத்துக்குள் மைக்கு வெந்துகொண்டிருந்தான். அப்படியும் குரல் கிணற்றைவிட்டு ஏறி வரவில்லை. ஒரு பக்கம் வாசிப்பான், நிறுத்துவான், கேட்பான், அழிப்பான். எழுந்து நடப்பான். மேசையை ஒரு சாண் நகர்த்துவான், மறுபடி பழைய இடத்துக்கே இழுப்பான். வேலைக்குப் போனால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் வெள்ளிக்கிழமை நினைப்பு. நாலாம் நடைமேடை வண்டியை இரண்டாம் நடைமேடை என்று சொல்லி, மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டத்தையே குறுக்கே ஓடவிட்டான்.

வியாழக்கிழமை மதியம் தோழன் எட்டிப் பார்க்க வந்தான். போர்வையை விலக்கிப் பின்னறைக்குள் தலையை நீட்டியவன், மைக்கைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், மறுபடி மைக்கைப் பார்த்தான். அப்படியே சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினான்.

"என்னடா?"

"இத்தனை நாளும் இப்படித்தான் வச்சிருந்தியா? அது உனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குதுடா! கம்பெனி எழுத்து போட்டிருக்குல்ல, அதான் அதுக்கு முகம். அது உன் பக்கம் இருக்கணும்."

"எழுத்து எதுக்குடா என் பக்கம்?" மைக்கு விட்டுக்கொடுக்கவில்லை. "பஸ்ஸுல போர்டை ஜனங்க பாக்கற மாதிரி வைப்பாங்களா, டிரைவர் பாக்கற மாதிரி வைப்பாங்களா?"

"நீ பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியவே வரமாட்டியாடா!"

வாசற்படியில் அவன் மனைவி வந்து நின்றிருந்தாள். "அப்ப இத்தனை நாளா அது யாரைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

எழுத்துள்ள பக்கம் நேராக முன்னறையைப் பார்த்திருந்தது. பேச்சை மாற்றலாம் என்றோ என்னவோ, மைக்கு இன்னும் கேட்காமலும் அழிக்காமலும் விட்டிருந்த கடைசிப் பதிவைத் தோழன் ஓடவிட்டான். தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரோ ராணியின் துயரத்தை வாசிக்கிறார்கள். அதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாக, இரண்டு குரல்கள் கிசுகிசுத்தன. மெஷின் மூடிக் கிடந்த நேரத்தில் காலர்களுக்குக் கையால் ஓரம் அடித்துக்கொண்டே அவர்கள் பேசியது.

"ஊசிய மெதுவா வைம்மா. டப்பா மூடி சத்தம் போடுது."

"வச்சுட்டேன் மாமா. மூச்சையும் எங்கயாவது கழட்டி வைக்கணுமா, கேட்டுச் சொல்லுங்க."

"அவன் பெரிய ஆளா வரப்போறான்மா. கொஞ்சம் பொறுத்துக்க."

"வரட்டும் மாமா. வர்றப்ப நாம ஊமையாகிடாம இருந்தாச் சரி." நூல் இழுபடும் ஓசை. "கையால இத்தனையும் முடியாது மாமா. வெள்ளிக்கிழமை குடுக்கலைன்னா அடுத்த தரம் அந்த ஸ்கூல்ல நம்மளைக் கூப்பிட மாட்டாங்க."

"நான் பட்டன் வைக்கறேன். எனக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும். நேத்து நீங்க வச்ச அஞ்சையும் நான் பிரிச்சுத் திரும்ப வச்சேன்."

பதிவில் அப்பா சிரித்து, சிரிப்பு இருமலாகி, அவசரமாக வெளியே ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. முன்னறையில் நிஜமான அப்பா பட்டத்தின் கண்ணாடியைத் துடைப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். உண்மையில் சுத்தமான பதிவு. ஒரு சொல்லும் தவறவில்லை.

தோழன் மைக்கைத் திருப்பி வைத்துவிட்டு, இப்போது பேசிப் பார் என்று சொல்லிப் போய்விட்டான். மைக்கு நாலு வரி வாசித்துக் கேட்டான். உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தக் குரலா இத்தனை வருஷம் தகர டப்பாவுக்குள் கிடந்தது? ஈரம், கனம், சொல்லுக்கு நடுவில் இழுக்கும் மூச்சு, எல்லாம் இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டான். அடுத்த பத்தி தொடங்கும்போது முன்னறையில் மெஷின் கடகடவென்று கிளம்பியது.

முகம் திரும்பினாலும் ஸ்டுடியோ மைக்குக்குக் காது போய்விடவில்லை. குரலுக்கு அடியில், மெல்லிசாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், மெஷின் ஓடியது. அத்தியாயத்தை நாளை காலைக்குள் அனுப்பவேண்டும். சட்டைகளையும் நாளை காலைக்குள் கொடுக்கவேண்டும். மைக்கு எழுந்து கதவருகே போய் நின்றான்.

அவள் நிமிரவில்லை. துணியைத் தள்ளும் கை நிற்கவில்லை. "சொல்லுங்க. நிறுத்தணுமா?" என்றாள்.

சண்டைக்குக் கேட்டிருந்தால் அவனும் சண்டை போட்டிருப்பான். அவள் கேட்டது அப்படியில்லை. நிறுத்து என்றால் நிறுத்திவிடுகிற குரல் அது. பிறகு எப்போதும் எதையும் கேட்காத குரலும் அதுவே. கூடையில் காலர்கள் பாதிகூடக் குறையவில்லை. அப்பா ஒரு பட்டனை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

"இல்ல. தைய்யி" என்றான்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கூடாரமாகக் கட்டிய போர்வைகளை இழுத்து எறிந்தான். பையைக் கவிழ்த்து, காலுறைகளுக்கு நடுவிலிருந்து சாதா மைக்கை எடுத்து மாட்டினான். அது தூரத்துச் சத்தத்துக்குச் செவிடு. உதட்டருகே வந்து பேசினால்தான் அதற்குக் கேட்கும். அதைப் பிடிக்க அவனுக்கு எந்த வீடியோவும் வேண்டியிருக்கவில்லை. கைக்குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, வாயின் ஓரத்துக்குச் சாய்த்துப் பிடித்து, விசிறியையும் போட்டுக்கொண்டு வாசித்தான். நிறுத்தவில்லை. திரும்பிக் கேட்கவில்லை. அத்தியாயம் முடிந்தபோது மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பதிவில் அதைத் தேடினான். எங்கோ ஒரு வண்டு பறந்தது போல, அதுவும் காதைத் தீட்டிக்கொண்டால்தான். அந்த ஈரமும் கனமும் இதில் இல்லை. ஆனால் குரல் கிணற்றுக்குள் இல்லை, டப்பாவுக்குள்ளும் இல்லை. மனசு மாறுவதற்குள் அனுப்பிவிட்டான்.

மறுநாள் சட்டைகள் போய்ச் சேர்ந்தன. வெல்வெட் பெட்டியும் தோழனிடம் திரும்பிப் போனது, சாதா மைக் வீட்டிலேயே தங்கியது.

"வாங்கலையா? நல்லா இல்லையா?" என்றான் தோழன்.

"ரொம்ப நல்லாருக்குடா. ஆளில்லாத வீட்டுக்குச் செஞ்சது. எங்க வீட்டுல ஆள் இருக்காங்க."

சொல்லிவிட்டானே தவிர, மனசு அடங்கவில்லை. அந்த நாலு வரியை மட்டும் போனில் வைத்திருந்தான். கூண்டுக்குள் ஆளில்லாத நேரம் பார்த்துப் போட்டுக் கேட்பான். அவசரப்பட்டுவிட்டோமோ என்று நகத்தைக் கடிப்பான். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள்.

"உங்க வாசிப்பைக் கேட்டேன் சார். குரல் நல்லா இருக்கு. சத்தமும் சுத்தமா இருக்கு."

"மேடம், அது வந்து... மைக் வந்து நான் சாதாரண..."

"மைக்கா? அது எதுவா இருந்தா எனக்கென்ன சார்? எனக்கு வேற ஒரு சந்தேகம். ஒவ்வொரு வரியும் முடியறப்ப ஒரு அவசரம் வருதே, அது ஏன்? ராணி அங்க உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. நீங்க அவளை ஏத்தி அனுப்பறதுலயே குறியா இருக்கீங்க."

மைக்குக்குக் காது மடல் சுட்டது. அதே நேரம் கூண்டின் துவாரத்தில் ஒரு நடத்துநரின் வாய் வந்து பொருந்தியது. "மைக்கு! நம்ம வண்டி! சீக்கிரம்!"

"எங்க சார் இருக்கீங்க? ஒரே கூச்சலா இருக்கு."

"பஸ் ஸ்டாண்டுல மேடம்."

"ஓ, ஊருக்குக் கெளம்பிட்டீங்களா? சரி, போயிட்டு வந்து அதே அத்தியாயத்தை நிதானமாப் படிச்சு அனுப்புங்க. திங்கக்கிழமை வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். மத்தபடி எதையும் மாத்தாதீங்க, அந்த ரூம், அந்த மைக், எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

போன் ஓய்ந்தது. நடத்துநர் கண்ணாடியைத் தட்டினார். மைக்கு தன் முன்னால் இருந்த பழைய மைக்கைப் பார்த்தான். அதன் வலையில் எத்தனையோ வருஷத்து எச்சில். கைக்குட்டையைச் சுற்றினான், மூச்சை ஒருமுறை முழுதாக இழுத்து விட்டான்.

"மூன்றாம் நடைமேடையில்..." என்று தொடங்கி, அங்கே கொஞ்சம் நின்றான். "நிற்கும் வண்டி..." மறுபடி நின்றான். "உடனே... புறப்படும்."

ஒலிபெருக்கிகள் வழக்கம்போலக் கூழாங்கல்லைக் குலுக்கின. மெதுவாகக் குலுக்கின. ஓடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேர், ஏதோ நேரம் இருக்கிறது என்று நினைத்து நடக்க ஆரம்பித்தார்கள்.

"யோவ் மைக்கு!" என்று நடத்துநர் அலறினார். "வண்டிய அனுப்பறியா, தாலாட்டறியா?"