நாலு வளையத் தண்ணீர் வண்டி

சங்கரன்கோவில் வெல்டிங் பட்டறை செல்வமணிக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. பற்றவைக்க வந்த கதவில் யாரும் கேட்காமலே ஒரு கொக்கியைச் சேர்த்துப் போட்டுத் திட்டு வாங்குவான். அப்பேர்ப்பட்டவன் எண்பத்திமூணாம் வருசச் சித்திரையில் பெண்டாட்டிக்காக ஒரு வண்டி செய்தான் பாருங்கள், அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

கோமதித்தாய்க்கு அப்போது ஏழாம் மாசம். முந்தின பிள்ளை, தண்ணீர்க் குடத்தோடு அவள் வழுக்கி விழுந்ததில் தங்காமல் போயிற்று. தெருவுக்கே அடிபம்பு ஒன்றுதான். ஆம்பளை குடம் தூக்குகிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. பழைய சைக்கிள் சக்கரம் இரண்டு, குடம் உட்கார நாலு இரும்பு வளையம் என்று தள்ளுவண்டி ஒன்றைப் பற்றவைத்துவிட்டான். சந்தோசத்தில் அன்றைக்கு அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

வண்டியோடு போனவள் இடுப்பில் ஒரு குடத்தோடு திரும்பி வந்தாள். வண்டி பம்படியிலேயே கிடந்தது. அவனுக்கு வந்ததே கோபம்! கைப்பிடி உயரமா, சக்கரம் இழுக்கிறதா என்று குடைந்தான்.

"வண்டியில ஒரு குத்தமும் இல்ல. நீங்க ஒருநாள் அங்கன வந்து நின்னு பாருங்க," என்றாள்.

மறுநாள் போய் நின்றான். பெண்கள் செய்த கேலியில் காது சிவந்தது, நகரவில்லை. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு முறைக்கு வீட்டுக்கு ஒரு குடம். அதைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து, மறுபடி வரிசைக் கடைசியில் வைக்கவேண்டும். நாலு குடத்தையும் மொத்தமாக நிரப்பிக்கொள்ள எவள் விடுவாள்? அட மடையா என்று தலையில் அடித்துக்கொண்டான். ஒரு வீட்டுக்கு நாலு குடம் என்றல்லவா செய்து தொலைத்தோம். நாலு வீட்டுக்கு ஆளுக்கொரு குடம் என்றால்? ஒருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் வாசலுக்கு வாசல் இறக்கலாம், மற்றவர்களுக்கு நடை மிச்சம்!

கால் தரையில் பாவாமல் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினான். வளையம் நாலும் அவன் வீட்டுக் குடத்துக்கு அளவெடுத்தவை. பக்கத்து வீட்டு ஆயிஷம்மாளின் பெரிய குடம் அதில் உட்காராது. இன்னொரு வீட்டில் மண்குடம், இரும்பு பட்டால் விரிசல் விடும். ஒவ்வொரு வீட்டுக் குடத்தையும் கேட்டு வாங்கி, வைத்துப் பார்ப்பதும் வெட்டுவதும் ஒட்டுவதும் சாக்குச் சுற்றுவதுமாக அன்று முழுக்க ஒரே அமர்க்களம். பிறகு வண்டியைப் பம்படியில் கொண்டுபோய் நிறுத்தி, இனி இது வரிசைக்கு உள்ளது, எங்கள் வீட்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தான்.

விடிந்ததும் குடத்தோடு போன கோமதித்தாய் போன சுருக்கில் வெறுங்கையோடு வந்து நின்றாள். விரட்டிவிட்டார்களோ என்று அவனுக்குத் திக்கென்றது.

"குடம் எங்கட்டி?"

"ஆயிஷம்மா அக்கா பிடுங்கி வரிசையில வச்சிட்டாங்க. குடம் வந்தா போதுமாம், நான் வரக்கூடாதாம்," என்றவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ஆனியில் மகள் பிறக்கும்வரை அவள் இடுப்பில் ஒரு குடமும் ஏறவில்லை.