வாசிக்காமல் விட்ட வரி

எங்கள் தீவில், ஹேடோ சர்ச் கூடத்தில் நடந்த அறிமுக விழாவில் அன்று என் கையில் கொடுக்கப்பட்ட மைக்கின் ஈரம் இன்னும் நினைவில் இருக்கிறது. எனக்கு முன்னால் பேசியவர்களின் கை வியர்வை அது. சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் எங்கள் தமிழ் இயங்குதளத்தின் முதல் திரை வரவேற்புரையோடு பெரிதாகத் தெரிந்தது. "வரவேற்புரையை நீயே வாசிச்சிரும்மா" என்றார் அண்ணன்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மதுரையில் கல்லூரி ஆசிரியர். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளவும் திருத்தவும் முடிகிற தமிழ் இயங்குதளம் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்தார். குழுவில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். இணையம் வழியாக அதில் ஒட்டிக்கொண்டவள் நான். அதைக் கணினிகளில் நிறுவுவதற்கான பென் டிரைவ்களைத் தீவுகளுக்குத் தயாரிப்பது என் பொறுப்பு. மெயின்லேண்டில் செய்த பென் டிரைவ், பாதி வேலையில் எழுத்துருவையும் அகராதியையும் இணையத்தில் தேடப் போய்விடும். லாங் ஐலண்ட் மாதிரி எங்கள் பக்கத்துச் சின்னத் தீவில் அப்படித் தேடினால் தேடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் உள்ளேயே அடைத்து, ஒவ்வொரு பென் டிரைவையும் பழைய கணினியில் செருகி ஓடவிட்டுப் பார்த்த பிறகே படகில் கொடுத்து அனுப்புவேன். வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. அந்தத் திமிரும் எனக்கு நிறையவே இருந்தது.

எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். தீவில் உத்தியோகம் கிடைக்க உதவும் என்று என்னை ஹிந்தி மீடியத்தில் சேர்த்தார். வீட்டில் தூத்துக்குடித் தமிழ், வெளியில் ஹிந்தி. நான் கணினிக்குக் கொடுக்கும் கட்டளைகளோ ஆங்கிலம். குழுவில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவேன், மற்றவர்களும் அப்படித்தான். தமிழ்த் திரைகளில் எழுத்து உடைகிறதா, பெட்டிக்கு வெளியே வழிகிறதா என்று பார்ப்பேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. தமிழ் இயங்குதளம் செய்கிறவளுக்கே தமிழ் படிக்கத் தெரியாது என்றால் சிரிக்க மாட்டார்களா?

வரவேற்புரையை ஏதோ சாக்குச் சொல்லி அண்ணனிடம் முன்பே குரல் பதிவாக வாங்கி மனப்பாடம் செய்திருந்தேன். ஆகவே தைரியமாகத் திரையைப் பார்த்தபடி ஒப்பித்தேன். முடித்துவிட்டு அண்ணனைப் பார்த்தேன். யாரும் கை தட்டவில்லை. கூடம் எதற்கோ காத்திருந்தது. முன்வரிசையில் இருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என்ன தவறு என்று விளங்காமல் நின்றேன்.

அண்ணன் மைக்கை வாங்கிச் சிரித்தார். "கடைசியில ஒரு வரி புதுசா சேத்து, இவங்க பேரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தேன். தன் பேரைத் தானே வாசிக்கக் கூச்சப்பட்டு விட்டுட்டாங்க. இந்த அடக்கம் யாருக்கு வரும்?"

இப்போது நன்றாகவே கை தட்டினார்கள். அவ்வளவு பெரிய எழுத்தில் என் பெயர் சுவரில் இருந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரை ஓட்டியபடி அப்பா, "தப்பு உன்மேல இல்ல, பேட்டா. நான்தான அந்த ஸ்கூல்ல போட்டேன்" என்றார். அவரையும் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

அதன் பிறகு அப்பாவிடமே உட்கார்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். அண்ணனோ என் அடக்கத்தைக் கதையாக்கி, போகிற கூட்டங்களில் எல்லாம் சொல்லிவந்தார். கேட்கும்போதெல்லாம் கூனிக்குறுகிப் போவேன். இந்த மனிதர் இவ்வளவு வெள்ளந்தியா என்று எரிச்சலும் வரும். போன மாதம் புதிய பதிப்பு பற்றி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது, தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு அடக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குப் படிக்கத் தெரியல."



"தெரியும்மா. முடிச்சிட்டு என்னைப் பாத்தியே, அப்பவே புரிஞ்சிருச்சு. சபையில கூப்பிட்டு நிறுத்துனது நான். எப்படிச் சமாளிக்கன்னு தெரியாம அப்படிச் சொல்லிட்டேன்."

"பிறகு ஏன் எல்லாக் கூட்டத்துலயும் சொல்லுறீங்க?"

"அன்னைக்கு ஹால்ல இருந்தவங்க நம்ம குழுவுலயும் இருக்காங்கல்ல. நான் நிறுத்திட்டா அவங்க யோசிக்க ஆரம்பிச்சிருவாங்களோன்னு பயம்."

இவரையா வெள்ளந்தி என்று நினைத்தேன்? "இனிமே சொல்ல வேண்டாம்ணே" என்றேன். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும் என்றும் சொல்ல நினைத்தேன். சொல்லாமலே ஃபோனை வைத்தேன்.